எல்லாத்துக்கும் ஒரே நீல மருந்தா?

நம்ம ஊர்ல கலர் மீனுக்கு என்ன வந்தாலும் ஏங்க ஒரே மருந்து?

வெள்ளைப் புள்ளியா? நீல மருந்து.
வால் கரைஞ்சு போச்சா? நீல மருந்து.
வயிறு உப்பிப் போச்சா? அதே நீல மருந்து, ரெண்டு மூடி சேர்த்து.
மீன் சும்மா ஒரு மூலையில நின்னு தூங்குதா? "எதுக்கும் பத்து சொட்டு விட்டு வைங்க மேடம்."

இந்த எரிச்சல் எனக்கு ரொம்ப நாளா உண்டு. போன வாரம் தாம்பரத்துல இருக்கற சித்தி பையன் அனுப்பின போட்டோவுல அது முத்திடுச்சு. தொட்டி முழுக்க கருநீலம். பின்னாடி ஒட்டியிருந்த பவளப்பாறை போஸ்டர் கூடத் தெரியல.

"உள்ள மீன் இருக்காடா?"

"இருக்குக்கா. டார்ச் அடிச்சா தெரியும்."

மருந்து ஊத்தறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோ ஏதாவது இருக்கான்னு கேட்டேன். அனுப்பினான். நல்லா வளர்ந்த கோல்டு ஃபிஷ். செவுள் மூடி மேல வெள்ளை வெள்ளையா புள்ளி, ரவை சைஸ்ல. கடைக்காரர் பார்த்ததும் "ஒயிட் ஸ்பாட்"னு சொல்லி பாட்டிலைக் கையில குடுத்துட்டாராம்.

நான் போட்டோவைப் பெருசு பண்ணிப் பார்த்தேன். புள்ளி எல்லாம் கன்னத்துல மட்டும். ரெண்டு கன்னத்துலயும். அப்புறம் முன்பக்கத் துடுப்போட முதல் எலும்பு மேல ஒரு வரிசை. வால்ல ஒண்ணும் இல்ல, உடம்புல ஒண்ணும் இல்ல, முதுகுத் துடுப்புல ஒண்ணும் இல்ல.

"நல்லா சாப்பிடுதா?"

"பயங்கரமா சாப்பிடுதுக்கா. ஆனா கூட இருக்கற மீனை விடாமத் துரத்திட்டே இருக்கு. வியாதி வந்த எரிச்சல் போல."

எரிச்சலும் இல்ல, வியாதியும் இல்ல. கல்யாண ஆசை! ஆண் கோல்டு ஃபிஷ்ஷுக்கு இனப்பெருக்க சமயத்துல செவுள் மூடியிலயும் முன் துடுப்போட ஓரத்துலயும் இப்படிச் சின்னச் சின்ன முண்டு வரும். சீசன் முடிஞ்சா தானே மறையும். பாவம், மாப்பிள்ளையைப் புடிச்சு வைத்தியம் பண்ணியிருக்காங்க.

(பாதித் தண்ணியை மாத்திட்டு, ஃபில்டர்ல கார்பன் போடச் சொல்லியிருக்கேன். கார்பன் மருந்தை உறிஞ்சிடும். அதனாலதான் உண்மையிலேயே மருந்து போடும்போது கார்பனை எடுத்துடணும்னு சொல்றது. இல்லேன்னா காசு ஃபில்டருக்குள்ள போயிடும்.)

சரி, அப்போ நிஜமான ஒயிட் ஸ்பாட் எப்படி இருக்கும்?

அது இடம் பார்க்காது. வால், துடுப்பு, முதுகு, கண் ஓரம்னு எங்க வேணா உட்காரும். வரிசை கிடையாது. மீன் கல்லுல, மணல்ல போய் உடம்பைத் தேய்ச்சுக்கும். துடுப்பை ஒடுக்கி வச்சுக்கும். சாப்பாட்டுல ஆர்வம் போயிடும். முக்கியமா, ஒரு மீன்ல ஆரம்பிச்சு மறுநாள் இன்னொண்ணுல இருக்கும்.

இந்த ஒட்டுண்ணிக்கு 'இக்தியோஃப்திரியஸ் மல்டிஃபிலிஸ்'னு பேரு. (சொல்லிப் பாருங்க. நாக்குக்குத் தனி மருந்து வேணும்.) மீன்காரங்க சுருக்கமா 'இக்'ம்பாங்க. இதோட வாழ்க்கையைத் தெரிஞ்சுக்கிட்டா பாதி வைத்தியம் முடிஞ்ச மாதிரி, அதனால கொஞ்சம் பொறுமையா சொல்றேன்.

நீங்க பார்க்கற ஒவ்வொரு வெள்ளைப் புள்ளியும் மீனோட தோலுக்கு அடியில உட்கார்ந்து தின்னுட்டிருக்கற ஒரு பிராணி. மேல தோல் மூடியிருக்கறதால தண்ணியில இருக்கற மருந்து அதைத் தொடாது. எவ்வளவு ஊத்தினாலும் தொடாது. தின்னு முடிச்சதும் அதுவா மீனை விட்டு இறங்கும். மணல்லயோ செடியிலயோ ஒட்டிக்கிட்டு, தன்னைச் சுத்தி ஒரு கூடு கட்டிக்கும். உள்ள ரெண்டாகி நாலாகி நூத்துக்கணக்குல பிரியும், சமயத்துல ஆயிரம் வரைக்கும் கூட. கூடு உடைஞ்சு அத்தனையும் நீந்த ஆரம்பிக்கும். ரெண்டு நாளுக்குள்ள ஒரு மீன் கிடைக்கலேன்னா அதுங்க காலி.

மருந்து கொல்றது அந்த நீந்தற நேரத்துல மட்டும்தான்.

இப்போ நம்ம வீட்டுல என்ன நடக்கும்? முதல் நாள் மருந்து ஊத்துவோம். மூணாவது நாள் மீன் பளபளன்னு இருக்கும். "ஆஹா, சூப்பர் மருந்து!"ன்னு நிறுத்திடுவோம். புள்ளி போனதுக்குக் காரணம் மருந்தே இல்ல. அது தின்னு முடிச்சு இறங்கிடுச்சு, அவ்வளவுதான். அடியில கூடு கட்டிக்கிட்டு இருக்கு. அடுத்த வாரம் முன்னயவிடப் பல மடங்கா வரும். "டூப்ளிகேட் மருந்து"ன்னு கடைக்காரரைத் திட்டுவோம். (அவரைத் திட்ட வேற நூறு காரணம் இருக்கு. இது அதுல சேராது.)

அதனால கடைசிப் புள்ளி போன பிறகும் ஒரு வாரமாவது வைத்தியம் தொடரணும்.

இந்தச் சக்கரம் எவ்வளவு வேகமா சுத்தும்ங்கறது தண்ணிச் சூட்டைப் பொறுத்தது. 25 டிகிரி பக்கம் இருந்தா ஒரு வாரத்துக்குள்ள ஒரு சுத்து முடிஞ்சிடும். நல்ல குளிர்னா வாரக்கணக்குல இழுக்கும். வெளிநாட்டு வீடியோவுல எல்லாம் "ஹீட்டர் போட்டு 30 டிகிரிக்கு ஏத்துங்க"ன்னு சொல்றது இதுக்குத்தான். சக்கரம் வேகமா சுத்தினா ஒட்டுண்ணி சீக்கிரம் வெளிய வரும், மருந்துல மாட்டும். 30 தாண்டினா பெரும்பாலும் அதுக்கே பெருகறது கஷ்டம்.

நம்ம சென்னையில மே மாசம் தொட்டித் தண்ணி ஹீட்டர் இல்லாமலே அந்தச் சூட்டுலதான் இருக்கு! அதான் எங்க வீட்டுல இக் வர்றதே ஐப்பசி கார்த்திகை மழையிலதான். இல்லேன்னா பெட்ரூம்ல ஏசி பக்கத்துல வச்ச தொட்டியில. ராத்திரி 24, பகல்ல 30ன்னு ஏறி இறங்கினா மீனுக்கு எதிர்ப்புச் சக்தியே போயிடும். ஏசி ரூம்ல தொட்டி வச்சிருக்கவங்க ஹீட்டரைத் தண்டச் செலவுன்னு நினைக்காதீங்க. சூடு ஏற ஏற தண்ணியில ஆக்சிஜன் குறையும், அதனால ஆக்சிஜன் மோட்டார் கூடவே ஓடணும்.

மருந்தைவிட நான் முதல்ல எடுக்கறது உப்பு. சாதா கல்லுப்பு. 

"அயோடின் கலந்த உப்பு போட்டா மீன் செத்துடுமே"ன்னு எதிர் வீட்டு மாமி பதறினாங்க. அந்த அளவு அயோடின் மீனை ஒண்ணும் பண்ணாது மாமி. வாசனை, மசாலா எதுவும் கலக்காத உப்பா இருந்தாப் போதும்.

அளவுதான் முக்கியம். "ஒரு கைப்பிடி"ங்கறது அளவே இல்ல. யார் கைப்பிடி? நீளம், அகலம், உயரம் மூணையும் சென்டிமீட்டர்ல அளந்து பெருக்கி ஆயிரத்தால வகுத்தா லிட்டர் வந்துடும். ரெண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம்னா 60, 30, 30. பெருக்கி வகுத்தா 54 லிட்டர். மணல், கல்லு, மேல விட்ட இடம் எல்லாம் கழிச்சா உண்மையில ஒரு 45 லிட்டர் தண்ணிதான் இருக்கும். இக்குக்கு லிட்டருக்கு 2 கிராம்னு வச்சா 90 கிராம். கிச்சன் தராசுல நிறுத்து, ஒரு மக்குல கரைச்சு, மூணா பிரிச்சு ஒரு நாள் முழுக்க கொஞ்சம் கொஞ்சமா ஊத்தணும். கல்லுப்பை அப்படியே மேல தூவாதீங்க. அடியில படுத்திருக்கற மீன் மேல விழுந்தா வெந்துடும்.

இன்னொண்ணு, உப்பு ஆவியாகாது. தண்ணி வத்தினதுக்கு ஊத்தும்போது வெறும் தண்ணிதான். வெளிய எடுத்துட்டு மாத்தற தண்ணிக்கு மட்டும் அந்தக் கணக்குல உப்பு. இதை விட்டுட்டா ரெண்டே வாரத்துல மெரினா தண்ணி ஆயிடும்.

கப்பி, மோலி, கோல்டு ஃபிஷ் எல்லாம் இந்த உப்பைச் சட்டையே பண்ணாது. லோச், கெளுத்தி வகைகளுக்கு ஜாக்கிரதையா கம்மியா ஆரம்பிக்கணும். மலாகைட் க்ரீன் கலந்த மருந்துன்னாலும் அவங்களுக்குப் பாதி டோஸ்தான். (அந்த மருந்தைக் கையில படாமப் பார்த்துக்கோங்க. சாப்பிடற மீனுக்கு அதைப் போடவே கூடாதுன்னு தடை பண்ணி வச்சிருக்கற சரக்கு.) காப்பர் கலந்த மருந்துன்னா தொட்டியில இருக்கற இறால், நத்தைக்கெல்லாம் அன்னிக்கே சங்கு.

சரி, நீல மருந்துக்கு வர்றேன். மெத்திலீன் புளூ. அது கெட்ட மருந்துன்னு நான் சொல்லல. முட்டைல பூஞ்சை பிடிக்காம இருக்க அது நல்லா வேலை செய்யும். தோல் மேல வர்ற பூஞ்சைக்கும் சரி. தண்ணியில நைட்ரைட் ஏறி மீன் மூச்சுத் திணறும்போதும் உதவும். ஆனா இதெல்லாம் தனி டப்பாவுல நடக்கணும். மெயின் தொட்டியில ஊத்தினா ஃபில்டர்ல குடியிருக்கற நல்ல பாக்டீரியாவைத் தாக்கும். அதுங்கதான் மீன் கழிவுல வர்ற அம்மோனியாவைத் தின்னு நமக்காக உழைக்கறது. அதுங்க போச்சுன்னா அம்மோனியா ஏறும். மீன் மேல வந்து வாயைத் திறக்கும். "இன்னும் குணமாகல"ன்னு நாம இன்னும் ரெண்டு மூடி ஊத்துவோம்!

செடிக்கும் அது ஆகாது. கண்ணாடி ஒட்டியிருக்கற சிலிக்கான் நீலமாப் போனா போனதுதான். எங்க தொட்டிக்கு அந்த பார்டர் இன்னும் இருக்கு. வர்றவங்க டிசைன்னு நினைச்சுக்கறாங்க.

தனி டப்பாவுக்குப் பெருசா ஒண்ணும் வேண்டாம். 20 லிட்டர் பிளாஸ்டிக் டப், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிஞ்சுக்க உடைஞ்ச மண் தொட்டித் துண்டு. மணலும் வேண்டாம், செடியும் வேண்டாம். தினம் கொஞ்சம் தண்ணி மாத்தணும், அவ்வளவுதான்.

இப்போ என்னை ரொம்பப் பாடாப் படுத்தின ஒரு வியாதி.

எங்க வீட்டுக் கறுப்பு மோலி ஒண்ணு, வாய் ஓரத்துல வெள்ளையா ஏதோ ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. முதல்ல பார்த்தது மாமிதான். "சாதப் பருக்கை ஒட்டிண்டிருக்கு போலருக்கே"ன்னாங்க. கறுப்பு மீனா இருந்ததால தெரிஞ்சுது. வெள்ளை மீனா இருந்தா கண்டே பிடிச்சிருக்க முடியாது. பஞ்சு மாதிரி இருந்ததால பார்க்கறவங்க எல்லாரும் பூஞ்சைன்னுதான் சொன்னாங்க. நான் ரூம் லைட்டை அணைச்சுட்டு, டார்ச்சைப் பக்கவாட்டுல அடிச்சு, பூதக் கண்ணாடி வச்சுப் பார்த்தேன். நிஜப் பூஞ்சைன்னா நூல் நூலா நீட்டிக்கிட்டு தண்ணியில அலையும். இது அப்படி அலையல. உதட்டைச் சுத்தி சாம்பல் வெள்ளையில ஒரு படலம், ஓரம் லேசா மஞ்சள். முதுகுத் துடுப்புக்குக் கீழ ரெண்டு பக்கமும் கறுப்பு மங்கி, குதிரைக்குச் சேணம் போட்ட இடம் போல ஒரு திட்டு.

அது காலம்னாரிஸ். பூஞ்சையே இல்ல, பாக்டீரியா. டேவிஸ்னு ஒருத்தர் 1922லேயே மிசிசிப்பி ஆத்து மீன்ல இதைப் பார்த்து எழுதி வச்சுட்டார். ஆனா இன்னிக்கும் கடையில இதுக்குப் பூஞ்சை மருந்துதான் குடுக்கறாங்க.

இங்கதான் ஆபத்து. இக்குன்னு நினைச்சு சூட்டை ஏத்தினீங்கன்னா காலம்னாரிஸ்க்குக் கொண்டாட்டம். அது சூடு ஏற ஏற வேகமாப் பரவும். கடுமையா வந்தா ஒண்ணு ரெண்டு நாள்ல மீன் போயிடும். ஒரே வெள்ளை, ஆனா வைத்தியம் நேர் எதிர். ஒண்ணுக்குச் சூடு, இன்னொண்ணுக்குக் குளிர்ச்சி. பேர் தெரியாம மருந்து போடக் கூடாதுன்னு நான் தொண்டை கிழியக் கத்தறது இதுக்குத்தான்.

காலம்னாரிஸ்க்கு ஆன்டிபயாட்டிக் வேணும். உடனே மெடிக்கல் ஷாப்ல டெட்ராசைக்ளின் கேப்சூல் வாங்கி உடைச்சுக் கொட்டறது ஒரு வழக்கம். அதுல ஒரு சிக்கல் இருக்கு. தண்ணியில இருக்கற கால்சியமும் மெக்னீசியமும் டெட்ராசைக்ளினைப் புடிச்சுக் கட்டிப் போட்டுடும். நம்ம போர் தண்ணி எப்படின்னு கீசரைத் திறந்து பார்த்தவங்களுக்குத் தெரியும். அந்தத் தண்ணியில மருந்து பேருக்குத்தான் இருக்கும். தொட்டி மஞ்சளாகும், நுரை கட்டும், வியாதி அப்படியே இருக்கும். அரைகுறை டோஸ்ல பாக்டீரியா பழகிப் போறது வேற. தெரிஞ்ச கால்நடை டாக்டர்ல மீன் பார்க்கறவங்க யாராவது இருந்தா கேட்டுட்டுப் போடுங்க. சாப்பாட்டுல கலந்து குடுக்கறதா, எந்த மருந்து, எத்தனை நாள்னு அவங்க சொல்லணும்.

மோலியைத் தனி டப்பாவுல போட்டு, டேபிள் ஃபேனைத் தண்ணி மேல திருப்பி வச்சு (ரெண்டு மூணு டிகிரி இறங்கும், நம்புங்க), டாக்டர் சொன்ன மருந்தும் குடுத்ததுல பிழைச்சுடுச்சு. உதடு மட்டும் கொஞ்சம் கோணல். அந்தக் கோணல் வாயோடவே குட்டி போட்டு வம்சம் வளர்த்தாச்சு.

மத்ததெல்லாம் சட்டுனு சொல்லிடறேன். உடம்பு பூரா பொன் தூசி தூவின மாதிரி டார்ச்சுல மின்னினா அது வெல்வெட். அந்தப் பிராணி வெளிச்சத்தை வச்சும் பிழைக்கும், அதனால லைட்டை அணைச்சுட்டு வைத்தியம் பண்ணணும். கப்பி பின்பக்கம் சிவப்பு நூல் நீட்டிக்கிட்டு இருந்தா குடல் புழு, அதுக்குப் பூச்சி மருந்துதான், நீல மருந்து இல்ல. வயிறு உப்பி, மேலேர்ந்து பார்த்தா செதில் எல்லாம் தூக்கிக்கிட்டு நின்னா ட்ராப்ஸி. உள்ள சிறுநீரகம் கெட்டுப் போனதோட அடையாளம் அது, பெரும்பாலும் பிழைக்காது. சும்மா உப்பிக்கிட்டுக் கவுந்து மிதக்கற உருண்டை கோல்டு ஃபிஷ்ஷா இருந்தா பயப்படாதீங்க, ரெண்டு நாள் பட்டினி போட்டுட்டு, வேகவச்சுத் தோலுரிச்ச பட்டாணி குடுங்க. முக்கால்வாசி மலச்சிக்கல்தான்.

இப்போ செடிக்கு வர்றேன். என்னடா இது, மீன் வியாதியிலேர்ந்து செடிக்குத் தாவறாளேன்னு நினைக்காதீங்க. எங்க வீட்டுல பாதி வியாதி செடியிலேர்ந்துதான் ஆரம்பிச்சுது.

கொளத்தூர் பக்கம் போனா உங்களுக்குத் தெரியும், தெரு முழுக்க கலர் மீன் கடை. அங்க நல்ல செடி வச்சிருக்கறவங்க நிறைய பேர் இருக்காங்க. நான் சொல்றது வேற ஒரு கடை. பேர் வேண்டாம், ஏரியாவும் வேண்டாம். அங்க ஊதா கலர்ல, இலை சுருக்கம் சுருக்கமா, உலோகம் மினுக்கற மாதிரி ஒரு செடி தண்ணியில நின்னுட்டிருந்தது. கொள்ளை அழகு.

"தம்பி, இது தண்ணிச் செடிதானா?"

"தண்ணியிலதானக்கா நிக்குது!"

அந்தப் பதில்ல தப்பே கண்டுபிடிக்க முடியல.

ஆனா அந்தச் செடி எங்க அம்மா வீட்டு வாசல்ல தொங்குத் தொட்டியில இருக்கு. ஹெமிகிராஃபிஸ். கேரளாவுல முறிகூட்டின்னு சொல்லி வெட்டுக் காயத்துக்கு அரைச்சுப் போடற செடி. சுத்தமான தரைச் செடி. அதைத் தண்ணிக்குள்ள முக்கினா சில வாரம் பச்சையா நடிக்கும், அப்புறம் தண்டு கொழகொழத்து அழுகும். லக்கி பாம்பூ, சிங்கோனியம், பீஸ் லில்லி, மாண்டோ புல் எல்லாமே இந்த நடிகர் சங்கம்தான். (லக்கி பாம்பூவோட வேர் மட்டும் தண்ணியில, தலை வெளியன்னா ஜோரா வளரும். முழுக்க முக்கினாதான் பிரச்சினை.)

அழுகற இலை என்ன ஆகும்? அம்மோனியா ஆகும். பிஎச் 7லேர்ந்து 8 ஆச்சுன்னா, அதே அம்மோனியாவுல விஷமா இருக்கற பங்கு கிட்டத்தட்ட பத்து மடங்கு ஆகும். நம்ம போர் தண்ணி பல இடத்துல 8 பக்கம்தான். மீன் சோர்ந்து போகும், துடுப்பு கரையும். நீங்க கடைக்கு ஓடுவீங்க. அவர் நீல மருந்து குடுப்பார். வியாதி செடியில இருக்கு, வைத்தியம் மீனுக்கு நடக்குது!

எப்படிக் கண்டுபிடிக்கறது? கடையிலயே தண்ணியை விட்டு வெளிய தூக்கிப் பாருங்க. முழுக்கத் தண்ணிக்குள்ளயே வளர்ந்த செடி துவண்டு விழும். தனக்குத் தானே நிக்கத் தெம்பு கிடையாது, தண்ணிதான் அதைத் தாங்கிட்டிருந்தது. தரைச் செடி விறைப்பா நிக்கும், இலை மேல மெழுகு பூசின மாதிரி தண்ணி உருண்டு ஓடும். ஆனா இதை மட்டும் நம்பி முடிவு பண்ணக் கூடாது. அனுபியாஸ், க்ரிப்ட், ஸ்வோர்டு எல்லாம் நர்சரியில தண்ணிக்கு வெளியதான் வளர்ப்பாங்க, அதுங்களும் விறைப்பாத்தான் வரும். அதெல்லாம் அசல் தண்ணிச் செடி.

அந்த க்ரிப்ட், முழுப் பேர் க்ரிப்டோகோரைன், வேணும்னே குழப்பற செடி. வெண்டியின்னு ஒரு வகை, சொந்த ஊர் இலங்கை. வாங்கி நட்டதும் இலை எல்லாம் உருகிக் கரைஞ்சு போயிடும். நாம "செத்துப் போச்சு"ன்னு பிடுங்கிப் போட்டுடுவோம். போடாதீங்க! வேர் உயிரோடதான் இருக்கும், புதுத் தண்ணிக்குப் பழகிட்டுப் புது இலை விடும். அழுகற செடிக்கும் உருகற செடிக்கும் வித்தியாசம் நடுவுல பார்த்தா தெரியும். குருத்து புதுசா வந்தா உருகல், அடித்தண்டே கொழகொழன்னா அழுகல். உருகின இலையை மட்டும் எடுத்துடுங்க.

ஜாவா ஃபெர்ன் கதை வேற. இலைக்கு அடியில வரிசையா பழுப்புப் புள்ளி வரும். பக்கத்து ஃப்ளாட் பொண்ணு அதைப் பார்த்துட்டு "செடிக்கும் ஒயிட் ஸ்பாட் மாதிரி பிரவுன் ஸ்பாட் வந்திருக்கு ஆன்ட்டி"ன்னு இலையெல்லாம் கத்தரிச்சுட்டா. அது விதைத்தூள் பைகள் பாப்பா! அதுலேர்ந்துதான் அதோட அடுத்த தலைமுறை. அதையும் அனுபியாஸையும் மணல்ல புதைக்காம, கல்லுலயோ கட்டையிலயோ நூலால கட்டி விடணும். அந்தக் கிடைத்தண்டைப் புதைச்சா அழுகிடும்.

ஒண்ணு போலவே இருக்கற பச்சைப் பஞ்சுச் செடிகள்தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச புதிர். கடையில எல்லாத்துக்கும் ஒரே பேர் "கபோம்பா". கையில எடுத்துப் பாருங்க. கணுவுக்கு ரெண்டு இலை எதிரெதிரா, ஒவ்வொண்ணும் சின்னக் காம்போட விசிறியா விரிஞ்சா நிஜக் கபோம்பா. காம்பே இல்லாம தண்டைச் சுத்தி வட்டமா நின்னா அம்புலியா, கசக்கினா ஒரு வாசனை வரும். இறகோட நடு எலும்பு மாதிரி ஒரு கோடு, அதுலேர்ந்து ரெண்டு பக்கமும் முடியா பிரிஞ்சா மிரியோஃபில்லம். கொஞ்சம் சொரசொரப்பா, முனை முனையா கவைக் குச்சியாப் பிரிஞ்சு, வேரே இல்லாம இருந்தா ஹார்ன்வொர்ட். அதை நடவே வேண்டாம், மிதக்க விட்டாப் போதும். புதுசா மீன் வளர்க்கறவங்களுக்கு நான் முதல்ல குடுக்கறது அதுதான். அம்மோனியாவை நல்லாக் குடிக்கும்.

ஹைட்ரில்லா தெரியும்தானே? நம்ம ஏரி, குளம் எங்கயும் கிடைக்கும். இலை ஓரத்தை விரலால தடவினா பல்லு பல்லா உறுத்தும். ஏரியிலேர்ந்து எடுத்து வந்தா பேன், புழு, நத்தை முட்டை எல்லாம் இலவச இணைப்பு, அதனால தனி வாளியில சில வாரம் வச்சுட்டுப் போடுங்க. இதே ஹைட்ரில்லா 1950களோட ஆரம்பத்துல இலங்கையிலேர்ந்து மீன் தொட்டிச் செடியா அமெரிக்காவுக்குப் போச்சு. ஃப்ளோரிடா கால்வாய்ல யாரோ போட்டாங்க, இன்னிக்கு வரைக்கும் அவங்க அதோட மல்லுக்கட்டிட்டு இருக்காங்க. நமக்கும் பதில் மரியாதை வந்துடுச்சு. 2020ல கோழிக்கோடு பக்கம் ஆவளப் பாண்டியில ஓடை முழுக்க இளஞ்சிவப்பா பூத்து, கூட்டம் கூட்டமா ஜனம் போய் செல்ஃபி எடுத்துது ஞாபகம் இருக்கா? அது தென்னமெரிக்கக் கபோம்பா. தொட்டிச் செடிதான். அதனால வெட்டின செடியை ஏரியில, கால்வாய்ல போடாதீங்க, காய வச்சுக் குப்பையில போடுங்க. 'டேங்க் கிளீனர்' மீன் பெருசாயிடுச்சுன்னு ஏரியில விடற புண்ணியமும் வேண்டாம்.

வயல் ஓரத்துல படர்ற நீர்ப்பிரமி இருக்கே, அதான் பக்கோபா மொன்னியரி. கடையில தொட்டிச் செடின்னு காசு குடுத்து வாங்கறோம். மூதுரையில ஔவையார் சொல்ற கொட்டியும் அப்படித்தான், அபோனோகெட்டான் குடும்பம். அந்தக் குடும்பத்துக் கிழங்கு சிலது வளர்ந்து, ஒரு கட்டத்துல இலையெல்லாம் உதிர்த்துட்டுத் தூங்கப் போகும். செத்துடுச்சுன்னு தூக்கிப் போட்டுடாதீங்க, கிழங்கை அமுக்கிப் பாருங்க, கெட்டியா இருந்தா உயிர் இருக்கு.

கடைசியா, எனக்குப் போட்டோ அனுப்பறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த நீல எல்.ஈ.டி லைட்டை அணைச்சுட்டு எடுங்க. அந்த லைட்டுல எல்லா மீனும் நோயாளியாத்தான் தெரியும். பக்கவாட்டுல டார்ச் அடிச்சு, மீனோட ரெண்டு பக்கமும் எடுங்க. தொட்டியோட நீள அகல உயரம், தண்ணி மெட்ரோவா லாரியா போரா, கடைசியா எப்போ மாத்தினீங்க, மாத்தும்போது ஆன்டி குளோரின் போட்டீங்களா, புதுசா மீனோ செடியோ வாங்கினீங்களா, இதையெல்லாம் கூடவே எழுதுங்க. அம்மோனியா டெஸ்ட் கிட் இருந்தா அந்த ட்யூப் கலரையும் ஒரு போட்டோ. ஏற்கனவே என்ன ஊத்தினீங்கன்னு மட்டும் மறைக்காமச் சொல்லிடுங்க. எப்படியும் தண்ணி கலர்ல தெரிஞ்சிடும்.